இன்ஹேலரும் ஆடாதோடையும்: நெல்லைப் பக்கம் ஆஸ்துமாக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக் கடையில் பதினேழு வருஷமாக மருந்தாளுநராக இருக்கிறேன். மூன்று கடை தள்ளி ஒரு நாட்டு மருந்துக் கடை. அங்கே ஆடாதோடைப் பொடி வாங்கிய கையோடு இங்கே வந்து இன்ஹேலர் கேட்பவர்கள் நிறையப் பேர். சீட்டை நீட்டிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எக்கா, ஒண்ணு கேக்கணும்" என்பார்கள். டாக்டரிடம் கேட்கத் தயங்கியதை என்னிடம் கேட்பார்கள். எனக்கும் எட்டு வயதிலிருந்து இழுப்பு உண்டு. அதனால் ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்லித்தான் அனுப்புவேன். அப்படிச் சொன்னவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்களைப் பார்க்கிற டாக்டர் செய்ய வேண்டியது.

"டாக்டர் ஆஸ்துமாங்காரு, எங்க ஆச்சி இழுப்புங்கா, ஸ்கூல்ல வீசிங்னு எழுதித் தாராவ. மூணும் ஒண்ணுதானா?"

பெரும்பாலும் ஒன்றுதான். வீசிங் என்பது மூச்சு விடும்போது கேட்கிற விசில் சத்தம். சின்னப் பிள்ளைகளுக்குச் சளிக்காய்ச்சலிலும் அது வரும். அதனால் ஒரு தடவை வீசிங் வந்ததை வைத்து ஆஸ்துமா என்று சொல்லிவிட முடியாது. திரும்பத் திரும்ப வந்தால், அதுவும் ராத்திரியும் விடியற்காலையும் மூச்சு முட்டினால், டாக்டரிடம் காட்டியாக வேண்டும்.

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உட்சுவர், நாம் நன்றாக இருக்கும் நாளிலும் லேசாக அழன்று வீங்கியே இருக்கிறது. தூசி, புகை, ஜலதோஷம், குளிர்காற்று பட்டதும் குழாயைச் சுற்றியிருக்கும் தசை இறுகுகிறது, சளியும் சேருகிறது. ஆக, மருந்துக்கு இரண்டு வேலை: வீக்கத்தை ஆற்றுவது, இறுக்கத்தைத் தளர்த்துவது. கீழே எந்த வைத்தியத்தைப் பற்றிப் படித்தாலும், இந்த இரண்டில் எதை அது செய்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

"இன்ஹேலர் அடிச்சா பழகிப்போயிரும்லா? அதுல ஸ்டீராய்டு வேற இருக்காமே?"

பழக்கம் பிடிக்காது. நிறுத்தினால் மறுபடி இழுக்கிறதே என்பார்கள். வீக்கம் திரும்ப வருவதால் இழுக்கிறது. கண்ணாடியைக் கழற்றினால் மறுபடி மங்கலாகத் தெரிகிறது, அதைக் கண்ணாடிக்கு அடிமை என்று யாரும் சொல்வதில்லை.

ஸ்டீராய்டு இருப்பது உண்மை. தினமும் எடுக்கச் சொல்லும் இன்ஹேலரில் இருக்கும் புடிசோனைடு, ஃப்ளூட்டிகாசோன் போன்றவை அந்த வகைதான். அளவைப் பாருங்கள். ஒரு தடவை இழுப்பது 100 அல்லது 200 மைக்ரோகிராம். ஒரு 5 மில்லிகிராம் பிரட்னிசலோன் மாத்திரை என்பது 5,000 மைக்ரோகிராம், அதுவும் உடம்பு முழுக்க ஓடும். இன்ஹேலர் மருந்து நேரே நுரையீரலுக்குப் போகிறது. இழுத்ததும் வாய் கொப்புளித்துத் துப்பினால் வாய்ப்புண்ணும் குரல் கட்டுவதும் குறையும். பிள்ளைகள் பல வருஷம் எடுத்தால் வளர்ந்த பின் உயரத்தில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறையலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதை மறைக்க வேண்டியதில்லை. ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருமும் பிள்ளையின் பக்கத்தில் அந்த ஒரு சென்டிமீட்டரை வைத்துப் பாருங்கள்.

இன்னொரு வகை, முட்டும்போது அடிக்கிற சால்பூட்டமால். அது இறுக்கத்தைத்தான் தளர்த்தும், வீக்கத்தை ஆற்றாது. உடனே சுகம் தெரிவதால் பலர் அதை மட்டுமே வாங்கிப் போகிறார்கள். வருஷத்துக்கு மூன்று டப்பாவோ அதற்கு மேலோ வாங்குகிறீர்கள் என்றால் நோய் கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம்.

"சித்தா ஆஸ்பத்திரியில காட்டுதேன். அப்போ இன்ஹேலர நிறுத்திரவா?"

இதைக் கேட்கும் எல்லோரிடமும் நான் திருப்பிக் கேட்பது ஒன்று: "கூடவா, பதிலாவா?" இன்ஹேலரோடு கூட எடுப்பதாக இருந்தால் பேசி முடிவு செய்யலாம். பதிலாக எடுப்பதுதான் உயிருக்கு ஆபத்து.

நம் ஊருக்குச் சித்த மருத்துவம் புதிதில்லை. பாபநாசத்துக்கு மேலே பொதிகை, அகத்தியர் பேர் சொல்லும் மலை. அரசு சித்த மருத்துவக் கல்லூரி இங்கே 1964இலேயே வந்துவிட்டது, மறு வருஷம் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி. இரண்டு ஆஸ்பத்திரிக்கும் ஒரே நாளில் போய் வருகிறவர்கள் உண்டு. நான் அதைத் தப்பு சொல்ல மாட்டேன். படித்துப் பதிவு செய்த சித்த மருத்துவரிடம் போங்கள், இன்ஹேலர் எடுப்பதையும் சொல்லுங்கள்.

"ஆடாதோடை, தூதுவளை எல்லாம் நெசமாவே கேக்குமா, இல்ல சும்மா சொல்லுதாவளா?"

சும்மா சொல்லவில்லை. ஆடாதோடையில் வாசிசின் என்று ஒரு சத்து இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் மருந்தை உருவாக்கினார்கள். இன்று பல இருமல் டானிக்கில் அது இருக்கிறது. வாய்க்காங்கரையில் வளர்ந்து நிற்கிற செடிக்கும் என் அலமாரியில் இருக்கிற பாட்டிலுக்கும் அந்த உறவு உண்டு. தூதுவளையையும் கண்டங்கத்தரியையும் பொடித்து 300 மில்லிகிராம் அளவில் ஆஸ்துமாக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வு ஒன்று 1999இல் வந்தது. சில மணி நேரம் மூச்சின் அளவு கூடியது. ஆனால் சால்பூட்டமால் மாத்திரை தந்த அளவுக்கு இல்லை.

எனவே சளி இளக, தொண்டை இதமாக, தூதுவளை ரசமோ ஆடாதோடைக் குடிநீரோ குடிக்கலாம். மூச்சுக்குழாயின் வீக்கத்தை ஸ்டீராய்டு இன்ஹேலர் போல வருஷக்கணக்கில் அடக்கி வைக்கும் என்று எந்த மூலிகைக்கும் நல்ல பெரிய ஆய்வு கிடையாது. வீட்டில் தூதுவளைத் துவையல் அரைத்தால் நானும் சாப்பிடுகிறேன். ராத்திரி இன்ஹேலரையும் விடுவதில்லை.

"ஆவி பிடிக்கலாமா? பிள்ளைக்கு எண்ணெயில சூடம் போட்டுக் காச்சி நெஞ்சுல தேய்க்கலாமா?"

மூக்கடைப்புக்கு ஆவி இதம் தரும். ஆஸ்துமா இறுக்கத்தை அது தளர்த்துவதாக ஆதாரம் இல்லை. சிலருக்குச் சூடான ஈரக்காற்றே மூச்சை முட்ட வைக்கும். பிள்ளைகளைப் போர்வைக்குள் உட்கார வைத்து, கொதிக்கிற சட்டி கவிழ்ந்து வெந்துபோவதுதான் பெரிய பயம். தைலம், நீலகிரி எண்ணெய் வாசனையும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

சூட எண்ணெயைக் கைக்குழந்தைக்குத் தேய்க்கவே வேண்டாம். சூடம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போய் வலிப்பை உண்டாக்கும். வெறும் தேங்காய் எண்ணெயை வெதுவெதுப்பாகத் தடவினால் பிள்ளைக்குச் சுகமாக இருக்கும், அவ்வளவே.

"பிராணாயாமம் செஞ்சா இன்ஹேலர் வேண்டாம்னு யோகா மாஸ்டர் சொல்லுதாரு."

கூடச் செய்ய வேண்டியவற்றில் நான் முதலில் சொல்வது மூச்சுப் பயிற்சியைத்தான். உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பின் தொகுப்பு ஒன்று 2016இல் வந்தது. அது 15 ஆய்வுகளில் 1,048 பேரைப் பார்த்து, யோகா ஆஸ்துமாக்காரர்களின் அன்றாட வாழ்க்கையைக் கொஞ்சம் இலகுவாக்கக்கூடும் என்கிறது. பயந்து பயந்து மேல்மூச்சு வாங்கும் பழக்கம் குறைகிறது. எனக்கே அது உதவியிருக்கிறது. ஆனால் அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவர்கள் மருந்தை விடாமல் யோகா செய்தவர்கள்.

மூக்கால் மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடும் பயிற்சி நல்லது. கபாலபாதி போன்ற வேகமான மூச்சும், மூச்சை அடக்கி வைப்பதும், முட்டல் இருக்கும் நாளில் வேண்டாம்.

"தயிர், ஆரஞ்சு, பாளையங்கோட்டான் பழம் எல்லாம் நிறுத்திட்டோம். சரிதானா?"

பத்தியம் என்ற பேரில் பிள்ளைகளை மெலிய வைத்துக் கூட்டி வருவதைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். பாலும் தயிரும் நுரையீரலில் சளியைக் கூட்டுவதாக நிரூபணம் இல்லை. குறிப்பிட்ட ஒன்றைச் சாப்பிட்டால் ஒவ்வொரு தடவையும் இழுக்கிறது, தடிக்கிறது என்றால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். தேதி போட்டு எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். அப்படி எதுவும் இல்லாதபோது வாழைப்பழத்தை நிறுத்த வேண்டாம். சித்த மருத்துவர் ஒரு மருந்துக்கென்று பத்தியம் சொன்னால், எத்தனை நாளைக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

"குத்தாலத்துல மூலிகைத் தண்ணி, குளிச்சா இழுப்பு போயிரும்ங்காவ. சீசனுக்குப் போலாமா?"

அருவித் தண்ணீர் ஆஸ்துமாவை ஆற்றாது. நோய் கட்டுக்குள் இருந்தால் தாராளமாகப் போய்வரலாம். ஆனி, ஆடியில் சாரலும் குளிர்காற்றும் சேரும்போது சிலருக்கு மூச்சு இறுகும். திடீரென்று குளிர்ந்த தண்ணீர் தலையில் கொட்டுவதும் அப்படித்தான். ஒரு வாரமாக ராத்திரி முட்டுகிறது என்றால் இந்தத் தடவை கரையில் நின்று பாருங்கள். போகிறவர்கள் சால்பூட்டமாலை லாட்ஜ் அறையில் பூட்டி வைக்காமல், ஐந்தருவியில் நிற்கும்போதும் கைக்கெட்டும் பையில் வைத்திருங்கள்.

"சாயங்காலம் சாம்பிராணி, வேப்பிலைப் புகை போட்டா கிருமி சாகும்லா?"

எந்தப் புகையும் இழுப்புக்காரருக்கு ஆகாது. சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவத்திச் சுருள், வேப்பிலை, விறகடுப்பு எல்லாமே சேர்த்தி. மூலிகைப் புகை என்பதால் மூச்சுக்குழாய் விட்டுவிடாது. பூஜைக்குப் போட்டே ஆகவேண்டும் என்றால் பிள்ளை வெளியே விளையாடும் நேரத்தில் போட்டு, கதவைத் திறந்து வையுங்கள்.

முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் பக்கமிருந்து வரும் பெண்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, வீட்டில் பீடி சுற்றுகிறீர்களா என்பது. புகையிலைத் தூள் காற்றில் பறந்து, பாயிலும் தலையணையிலும் படிகிறது. பிழைப்பை விடச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. படுக்கிற அறையில் சுற்றாமல் திண்ணையில் சுற்றுங்கள், முறத்தை மூடி வையுங்கள், ஈரத்துணியால் துடையுங்கள். பிசான நெல் அறுவடையில் வைக்கோல் தூசிக்கும் இதே கவனம் வேண்டும். கஷாயத்துக்குச் செலவழிப்பதைவிட இது அதிகம் உதவும்.

"ஒரே பொட்டலத்துல குணமாயிரும்னு ஒருத்தர் தாராரு. மீன் மருந்துன்னும் சொல்லுதாவ. போய்ப் பாக்கட்டா?"

என் கதையைச் சொல்கிறேன். பத்தொன்பது வயதில் அப்படி ஒரு பொட்டலம் மூன்று மாதம் சாப்பிட்டேன். பேர் இல்லை, சீட்டு இல்லை, பழுப்பு நிறப் பொடி. முதல் வாரத்திலேயே மூச்சு அருமையாக இருந்தது. இன்ஹேலரைத் தூக்கிப் போட்டேன். பசி எடுத்தது, முகம் உப்பியது, எல்லோரும் "சதை போட்டிருக்க" என்று சந்தோஷப்பட்டார்கள். பொடி தீர்ந்த பத்தாம் நாள் ராத்திரி மூச்சு நின்றுவிடும் போல ஆகி, இரண்டு நாள் ஆக்சிஜனில் கிடந்தேன். பொடியில் ஸ்டீராய்டு மாத்திரையை அரைத்துக் கலந்திருப்பார்கள் என்று டாக்டர் சந்தேகப்பட்டார். இன்ஹேலரில் இருக்கும் மைக்ரோகிராமுக்குப் பயந்த நான், எவ்வளவு என்றே தெரியாத ஸ்டீராய்டைக் கரண்டியில் அள்ளித் தின்றிருக்கிறேன்.

மேலே ஒட்டிய சீட்டில் மருந்தின் பேர், சேர்மானம், உரிம எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி இல்லாத எதையும் வாயில் வைக்காதீர்கள். இப்போது அப்படி ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள். ஸ்டீராய்டு திடீரென்று நின்றால் உடம்பு தாங்காது. ஐதராபாத்தில் ஜூன் மாதம் உயிருள்ள விரால் குஞ்சோடு கொடுக்கும் மருந்துக்கும் ஆஸ்துமா குணமாகும் என்ற ஆதாரம் இல்லை. அந்த நெரிசலும் பயணமும் இழுப்புக்காரருக்கு நல்லதும் இல்லை.

"பற்பம், செந்தூரம் எழுதித் தந்திருக்காவ. சாப்பிடலாமா?"

இவற்றில் சில பாதரசம், பாஷாணம் போன்றவற்றைச் சுத்தி செய்து, புடம் போட்டுச் செய்பவை. முறை தவறினால் சிறுநீரகத்தையும் நரம்பையும் தாக்கும். பதிவு பெற்ற மருத்துவர், முந்தின பதிலில் சொன்ன சீட்டு, இரண்டும் இல்லாமல் வேண்டாம். அரசு சித்தப் பிரிவுகளுக்குத் தமிழக அரசு நிறுவனமான டாம்ப்காலின் மருந்து வருகிறது, எங்கே தயாரானது என்றாவது தெரியும். பிள்ளைகள், கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் உலோகம் சேர்ந்த மருந்தைத் தவிர்ப்பதே நல்லது.

"ரெண்டும் சேத்துச் சாப்பிட்டா ஒண்ணுக்கொண்ணு சண்டை போடுமா?"

சில சேர்க்கைகள் போடும். இன்ஹேலர் மருந்தை நம் வீட்டு ரசமோ சுக்குக் காப்பியோ கெடுக்காது. கவனிக்க வேண்டியது மாத்திரைகளை. கடையில் டெரிஃபிலின் என்று கேட்டு வாங்குகிறார்களே, அதில் தியோபிலின் இருக்கிறது. அந்த மருந்துக்கு, போதுமான அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின், ரத்தத்தில் தியோபிலினைக் கூட்டும். சமையலில் போடும் மிளகுக்குப் பயப்பட வேண்டாம். திரிகடுகம், திப்பிலிச் சூரணம் என்று தினமும் மருந்தாக எடுக்கும்போதுதான் இது. கை நடுக்கம், படபடப்பு, குமட்டல் வந்தால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

அடுத்தது அதிமதுரம். தொண்டைக்கு நல்லதென்று வாரக்கணக்கில் சுவைத்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். சால்பூட்டமாலும் ஸ்டீராய்டு மாத்திரையும்கூடப் பொட்டாசியத்தை இறக்குபவை. மூன்றும் சேர்ந்தால் இதயத்துடிப்பே தடுமாறலாம். பி.பி. மாத்திரை எடுப்பவர்கள் அதிமதுரத்தை விட்டுவிடுங்கள். டெரிஃபிலின் எடுப்பவர்களுக்கு இன்னொன்று: தாளிசாதி போன்ற சூரணங்களிலும் திப்பிலி உண்டு, அதனால் சேர்மானத்தைப் படித்துப் பாருங்கள்.

"மகளுக்கு அஞ்சு மாசம். இன்ஹேலர் வேண்டாம், மூலிகைதான் பத்திரம்னு சம்பந்தி வீட்டுல சொல்லுதாவ."

நேர்மாறானது. தாய்க்கு மூச்சு முட்டினால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆக்சிஜன் குறையும். இன்ஹேலரைக் கர்ப்ப காலத்திலும் தொடரும்படிதான் டாக்டர்கள் சொல்வார்கள். ஆடாதோடை கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் இயல்புடையது, கர்ப்பிணிக்கு ஆகாது. சம்பந்தி வீட்டாரிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.

"ஹோமியோபதி, அக்குபஞ்சர்?"

ஆஸ்துமாவில் இவை உதவுகின்றன என்று சொல்ல ஆய்வுகளில் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. நான் பரிந்துரைப்பதில்லை. போகிறவர்களிடம், மேலே சொன்ன "கூடவா, பதிலாவா" கேள்வியை மட்டும் கேட்பேன்.

"மூணு மாசமா ஒண்ணுமே இல்ல. சித்த மருந்துதான் கேட்டிருக்கு, அப்படித்தானே?"

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆஸ்துமா தானாகவே ஏறி இறங்கும் நோய். ஐப்பசி, கார்த்திகை மழையில் மோசமாகி, மருந்து தேடிப் போய், மாசிக்குள் குறைந்தால், கடைசியாகச் சாப்பிட்டதற்குப் பேர் போய்விடும். அந்த நாட்களில் இன்ஹேலரையும் ஒழுங்காக எடுத்திருப்பீர்கள்.

தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சின்னக் குழாய் மருந்துக் கடையில் கிடைக்கும். காலையும் மாலையும் வேகமாக ஊதி எண்ணை எழுதுங்கள். நன்றாக இருக்கும்போது வருகிற உயர்ந்த எண் உங்கள் அளவு. அதில் 80 சதவீதத்துக்கு மேல் நின்றால் நல்லது, 50க்குக் கீழே போனால் ஆபத்து. புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது அது ஒன்றை மட்டும் சேர்த்து, எண் மாறுகிறதா பாருங்கள். மூன்று மாதம் நிலையாக இருந்தால் இன்ஹேலர் அளவை டாக்டரே குறைத்துப் பார்ப்பார். நோட்டோடு போய்க் கேளுங்கள்.

"நாட்டு மருந்து எடுக்கேன்னு சொன்னா டாக்டர் ஏசுவாரே?"

சிலர் ஏசுவார்கள், உண்மைதான். அப்படியும் சொல்ல வேண்டும். "இன்ஹேலரை நிறுத்தவில்லை, இதையும் எடுக்கிறேன், ஒத்துக்கொள்ளுமா?" என்று பொட்டலத்தை மேசையில் வையுங்கள். நிறுத்தவில்லை என்ற வார்த்தை முதலில் வரட்டும், பேச்சு வேறு மாதிரி போகும். ஆபரேஷனுக்கு முன்பு கட்டாயம் சொல்லுங்கள்.

"ராத்திரி திடீர்னு முட்டுது. கஷாயம் வச்சுக் குடுத்துப் பாத்துட்டு விடிஞ்சதும் போலாமா?"

வேண்டாம். அந்த நேரத்தில் கஷாயமும் இல்லை, ஆவியும் இல்லை, மூச்சுப் பயிற்சியும் இல்லை. நிமிர்ந்து உட்கார வையுங்கள். சால்பூட்டமாலை ஸ்பேசர் (இன்ஹேலரின் வாயில் பொருத்துகிற பிளாஸ்டிக் குழாய்) வழியாக ஒவ்வொரு பஃப்பாக, நாலு முதல் பத்து வரை கொடுங்கள். ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை, விலா எலும்புக்கு இடையே குழி விழுகிறது, உதடு நீலம் பாய்கிறது, அல்லது மருந்து கொடுத்தும் தளரவில்லை என்றால் 108ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை மறுபடி கொடுக்கலாம்.

ஊமத்தை இலையைச் சுருட்டிப் புகைத்தால் நிற்கும் என்று ஒரு பெரியவர் சொன்னார். அதற்கும் வரலாறு உண்டு. இந்த வழக்கத்தை 1802 வாக்கில் சென்னையிலிருந்து ஆங்கிலேயர்கள் தங்கள் நாட்டுக்கே கொண்டுபோனார்கள். ஊமத்தையில் உள்ள அட்ரோபினின் வழிவந்த இப்ராட்ரோபியத்தைத்தான் இன்று ஆஸ்பத்திரியில் நெபுலைசரில் வைக்கிறார்கள், அளந்து. இலையில் எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் அளக்க முடியாது. புத்தி பேதலித்து உயிர் போனவர்கள் உண்டு.

"எங்க மாமியா எனக்குத் தெரியாம பிள்ளைக்கு மருந்து குடுக்காவ. என்ன செய்ய?"

சண்டை போட்டால் இன்னும் மறைத்துக் கொடுப்பார்கள். என்ன கொடுக்கிறார்கள் என்று முதலில் அன்பாகக் கேளுங்கள். துளசியும் கற்பூரவல்லியும் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு வயதுக்குள் தேன் மட்டும் கூடாது, அதிலிருக்கும் கிருமி குழந்தையின் உடம்பைச் செயலிழக்கச் செய்யும். பேர் தெரியாத பொடி என்றால் மேலே எழுதிய என் கதையைச் சொல்லுங்கள்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். நர்ஸ் ஸ்பேசர் போட்டுக் காட்டும்போது அவர்கள் கையில் கொடுத்துப் பழகச் சொல்லுங்கள். என் கடைக்கு வந்தாலும் நான் காட்டித் தருகிறேன். நீங்கள் வேலைக்குப் போனபிறகு பகல் முழுக்கப் பிள்ளையோடு இருப்பது ஆச்சிதானே.